பால் ஊசியை நிறுத்துங்கள்

வட சென்னையின் கொருக்குப்பேட்டையில் கன்றை வீசிவிட்ட, அதாவது கரு கலைந்துபோன, பசு ஒன்றைப் பார்க்கக் கால்நடை மருத்துவரான என்னைச் சென்ற வாரம் அழைத்திருந்தார்கள். ஜெர்சிக் கலப்பினம், இரண்டாம் ஈற்று, ஏழு மாதச் சினை. கன்றுவீச்சுக்குப் புரூசெல்லா என்ற பாக்டீரியா உட்படப் பல காரணங்கள் இருப்பதால் மாதிரிகளை எடுத்து ஆய்வுக்கு அனுப்பியிருக்கிறேன். முடிவு வரும் முன் எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் தவிட்டு மூட்டையின்மேல் கிடந்ததைச் சொல்லாமலும் இருக்க முடியாது. பெயர்ச்சீட்டே இல்லாத ஒரு பிளாஸ்டிக் குப்பி, சல்லடையாகக் குத்தப்பட்ட அதன் ரப்பர் மூடி, நுனியில் இரத்தம் காய்ந்திருந்த ஓர் ஊசி. "காலையும் சாயந்திரமும் ஊசி போட்டாத்தான் சார் சொரப்பு விடுது, இல்லன்னா அரை லிட்டர் கூட வராது" என்றார் உரிமையாளர். வியாசர்பாடி, கொடுங்கையூர், மணலி என்று எந்தக் கொட்டகைக்குப் போனாலும் இதே குப்பியும் இதே பதிலும்தான்.

அந்தக் குப்பியில் இருப்பதாகச் சொல்லி விற்கப்படுவது ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன். அது பாலை உண்டாக்குவதில்லை. பால் உண்டாவது ஒரு கறவைக்கும் அடுத்த கறவைக்கும் இடைப்பட்ட நேரத்தில், மடியின் நுண்ணறைகளில், மாடு தின்ற தீவனத்தையும் குடித்த தண்ணீரையும் கொண்டு. ஆக்ஸிடோசின் என்பது ஒன்பது அமினோ அமிலங்களால் ஆன சிறிய நரம்புப் பெப்டைடு, அதாவது புரதத்தைப் போன்ற ஒரு குட்டிச் சங்கிலி. மூளையின் ஹைப்போதலாமஸில் உருவாகி, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் பின்மடல் வழியாக இரத்தத்தில் கலந்து, நுண்ணறைகளைச் சுற்றியுள்ள தசைச் செல்களைச் சுருக்கி, ஏற்கெனவே அங்கிருக்கும் பாலை வெளியே தள்ளுகிறது. அவ்வளவே அதன் வேலை. குழாயை அகலத் திறந்துவிட்டால் மெட்ரோ தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிடுமா? ஊசி போட்ட முதல் சில நாட்களில் அளவு கூடியதுபோலத் தெரிகிறதே என்பார்கள். எல்லா மாடுகளின் மடியிலும் கறந்த பிறகு கொஞ்சம் பால் தங்கும். அந்த எச்சப் பாலும் சேர்ந்து வருவதையே விற்பவர் தன் மருந்தின் மகிமையாகக் காட்டுகிறார், நம்மவர்களும் நம்பிவிடுகிறார்கள்.

சுரப்பு விடாத மாட்டுக்கு உண்மையில் என்ன குறை என்று யாரும் கேட்பதில்லை. கன்று முட்டும்போதோ, மடியைக் கழுவிக் காம்பை வருடும்போதோ, பழகிய வாளியின் ஓசை கேட்கும்போதோ ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் பால் இறங்கத் தொடங்குகிறது. எருமைக்கு இன்னும் சற்று நேரம் வேண்டும். இரத்தத்தில் கலந்த ஆக்ஸிடோசின் சில நிமிடங்களே நிற்கும் என்பதால், இறங்கிய பாலை உடனே கறந்து முடிக்க வேண்டும். அறிமுகமில்லாத இடத்தில் கட்டப்பட்ட மாட்டின் மூளை இந்தப் பெப்டைடை வெளியிடாமல் நிறுத்திக்கொள்கிறது. திடீரென்று மிரண்டாலோ, அடி வாங்கினாலோ, அட்ரினலின் குறுக்கே வந்து அதை வேலை செய்ய விடுவதில்லை. திருவண்ணாமலைப் பக்கத்துச் சந்தையில் வாங்கிய பசுவை, சரக்கு ரயிலும் கன்டெய்னர் லாரியும் இரவெல்லாம் ஓடும் இடத்தில் கட்டி, கன்றையும் விற்றுவிட்டு, முன்பின் பழகாத ஒருவரை உட்கார வைத்துக் கறந்தால் அது எப்படிச் சுரப்பு விடும்? சில நாட்கள் பொறுத்தால் பழகிவிடக்கூடிய அந்த மாட்டுக்கு மூன்றாம் நாளே கழுத்தில் ஊசி ஏறிவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதே ஆக்ஸிடோசின் மூளைக்குள்ளேயும் வெளிப்பட்டுத் தாய்மை நடத்தையைத் தூண்டுகிறது. குட்டி போட்ட செம்மறி ஆடு தன் குட்டியை மோப்பத்தால் அறிந்து ஏற்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. கழுத்தில் போடும் மருந்து மூளைக்குள் அநேகமாகப் புகுவதே இல்லை. ஆகவே ஊசி போட்டால் மாடு சாந்தமாகும், கன்றை மறக்கும் என்பதெல்லாம் வெறும் விற்பனைப் பேச்சு.

தொடர்ந்து போட்டால் நிகழ்வது வேறு. மூளை தன் பங்குக்குச் சுரந்துகொண்டுதான் இருக்கும்; ஊசியின் பெரிய அளவுக்குப் பழகிய மடியோ, மூளை அனுப்பும் சிறிய அளவுக்கு மசிய மறுக்கும். "ஊசி இல்லாமல் வராது" என்று நீங்கள் சொல்லும் நிலையை உண்டாக்கியதே அந்த ஊசிதான். ஆக்ஸிடோசின் கருப்பையையும் சுருக்கும் என்பதால் சினை மாட்டுக்கு அது அபாயம். ஒரே ஊசியை எல்லா மாட்டுக்கும் போடுவதால் வரும் சீழ்க்கட்டிகளையும் நோய்த்தொற்றையும் தனியாக விளக்க வேண்டியதில்லை.

பால் வாங்குவோருக்கும் ஒரு சொல். இந்தப் பாலைக் குடித்துத்தான் பெண் பிள்ளைகள் சீக்கிரம் வயதுக்கு வருகிறார்கள் என்று பயப்படாதீர்கள். பெப்டைடு வயிற்றில் செரித்துப்போகும். அதனால்தான் இது மாத்திரையாக விழுங்கப்படாமல் ஊசியாகப் போடப்படுகிறது. பாதிக்கப்படுவது மாடுதான்.

1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பால் சுரப்பைக் கூட்டுவதற்காக மாட்டின் உடல்நலத்துக்குக் கேடான எந்தப் பொருளையும் ஊசியில் செலுத்துவது குற்றம். 2 ஆண்டு வரை சிறை உண்டு, மாடும் அரசுடைமையாகும். ஈன்ற பிறகு கருப்பை சுருங்காதபோது நாங்களும் இதே மருந்தைப் போடுகிறோம். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து, தீவனக் கடையில் வாங்கும் பொருள் அன்று.

புதிதாக வாங்கிய மாட்டுக்குத் தயவுசெய்து ஒரு வாரமாவது அவகாசம் கொடுங்கள். ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே இடம் என்று கறந்து பாருங்கள். கறக்கும்போது அடர்தீவனம் வையுங்கள், அதுவே சுரப்பைத் தூண்டும். கன்று இருந்தால் முதலில் ஊட்டவிடுங்கள். அடிக்காதீர்கள், கத்தாதீர்கள். ஏழு மாதச் சினையில் பாலை வற்ற விட்டிருக்க வேண்டும். அப்போதும் ஊசி போட்டுக் கறப்பது பேராசை. ஏற்கெனவே பழக்கிவிட்டவர்கள் கால்நடை மருத்துவரின் மேற்பார்வையில் அளவைப் படிப்படியாகக் குறைக்கலாம். வேப்பேரிக் கால்நடை மருத்துவமனைக்கு ஓட்டி வாருங்கள், முடியாவிட்டால் 1962 என்ற எண்ணில் அழையுங்கள். வரும்போது அந்தக் குப்பியையும் மறைக்காமல் எடுத்து வாருங்கள். என்ன போட்டீர்கள் என்று தெரிந்தால்தான் எங்களால் மருத்துவம் பார்க்க முடியும்.