பவர் சீட்டில் ஏறும் எண்கள்: கண் பரிசோதனை எப்படி நடக்கிறது

கண் மருத்துவமனையில் முதலில் உட்காரவைக்கப்படும் கருவியில் மோவாயைத் தாங்கியில் வைத்து நெற்றியைப் பட்டையில் ஒட்டிக்கொண்டால், உள்ளே நேராக நீளும் ஒரு சாலையும், அது வானத்தைத் தொடும் இடத்தில் ஒரு வண்ண பலூனும் தெரியும். அந்தப் படம் சில நொடிகள் மங்கும், பிறகு தெளியும், மறுபடி மங்கும். பலூன் எப்படித் தெரிகிறது என்று யாரும் கேட்பதில்லை. சற்று நேரத்தில் எண்கள் அச்சான ஒரு காகிதத் துண்டு வெளியே வந்துவிடும். குழந்தைகளைக் கவரும் வேடிக்கை போலத் தோன்றினாலும் அந்தப் படத்துக்கு ஒரு திட்டமான வேலை இருக்கிறது. வெகு தொலைவைப் பார்ப்பதாகக் கண்ணை நம்பவைத்து, அதனுள் இருக்கும் ஒரு தசையைத் தளரவைக்க வேண்டும். அந்தத் தசை இறுக்கமாகவே இருந்தால் காகிதத்தில் வரும் எண் தவறாகிவிடும். கண் பரிசோதனை அறையில் நமக்கு விளங்காமல் நடக்கும் பல காரியங்கள் இந்த ஒரு தசையை அடக்குவதற்காகவே நடக்கின்றன.

கண்ணுக்குள் நுழையும் ஒளியை இரண்டு உறுப்புகள் வளைக்கின்றன. முன்புறத்தில் ஒளி ஊடுருவும் கருவிழி, கண்ணின் மொத்தத் திறனான ஏறத்தாழ 60 டயாப்டரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தானே தந்துவிடுகிறது. மீதியைக் கண்பாவைக்குப் பின்னால் உள்ள இயற்கை லென்ஸ் தருகிறது. டயாப்டர் என்பது சிக்கலான அளவு அன்று: ஒரு லென்ஸ் ஒளியை 1 மீட்டரில் குவித்தால் அதன் திறன் 1 டயாப்டர், அரை மீட்டரில் குவித்தால் 2, மூன்றில் ஒரு மீட்டரில் குவித்தால் 3. பெரியவர்களின் கண் முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் நீளமுடையது. அந்த நீளத்துக்குச் சரியாக ஒளி குவிந்து விழித்திரையில் விழுந்தால் தூரப் பொருள்கள் தெளிவாகத் தெரியும். கண் வெறும் 1 மில்லிமீட்டர், அதாவது ஓர் அரிசியின் பருமன்கூட இல்லாத அளவு, கூடுதலாக நீண்டுவிட்டால் குவியம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்து, இரண்டரை முதல் 3 டயாப்டர் வரை கிட்டப்பார்வை ஏற்பட்டுவிடுகிறது. ‘மைனஸ் 2’ என்று சீட்டில் எழுதப்பட்டவருக்குக் கண்ணாடி இல்லாமல் அரை மீட்டர் வரையில்தான் தெளிவு, அதற்கு அப்பால் உள்ளவை மங்கல் என்று அந்த எண்ணிலிருந்தே கணக்கிட்டுவிடலாம்.

அருகில் உள்ளதைப் பார்க்கும்போது இயற்கை லென்ஸைச் சுற்றியுள்ள வளையத் தசை சுருங்குகிறது, லென்ஸ் உப்பிக் கொள்கிறது, கண்ணின் திறன் கூடுகிறது. பத்து வயதுக் குழந்தைக்கு இப்படி 14 டயாப்டர் வரை கூட்டிக்கொள்ளும் வலிமை உண்டு. இதனால் ஒரு சிக்கல் எழுகிறது. கண் நீளம் குறைந்து, தூரப்பார்வைக் குறையோடு இருக்கும் குழந்தை, பற்றாக்குறையை இந்தத் தசையின் உழைப்பாலேயே ஈடுகட்டி, எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை படித்துவிடும். பள்ளியில் நடக்கும் பரிசோதனை முகாமில் ‘குறை இல்லை’ என்று எழுதப்படும். மாலையில் தலைவலி என்று அது சொல்வதை வீட்டுப்பாடத்துக்கான சாக்கு என்றே பெற்றோர் எண்ணுவர். தசையின் முயற்சி அளவுக்கு மீறிப்போனால், அதனோடு பிணைந்துள்ள மற்றோர் அனிச்சைச் செயலால் கண் மூக்கை நோக்கித் திரும்பி மாறுகண் ஏற்படுவதும் உண்டு. குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடி அரை மணி நேரத்துக்கு மேல் உட்காரவைப்பதற்குக் காரணம் இதுதான். சைக்ளோபென்டோலேட், ஹோமாட்ரோபின் போன்ற அந்த மருந்துகள் கண்பாவையை விரிப்பதோடு இந்தத் தசையையும் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்கின்றன. அதன் பிறகு கண்ணால் எதையும் மறைக்க முடியாது.

எழுத்துப் பலகையை 1862-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஹெர்மன் ஸ்னெல்லன் என்னும் கண் மருத்துவர் வடிவமைத்தார். அதன் அடிப்படை எழுத்தின் உயரத்தில் இல்லை, அது கண்ணில் ஏற்படுத்தும் கோணத்தில் இருக்கிறது. 6/6 வரியின் எழுத்து 6 மீட்டர் தொலைவில் 5 கலைகள் கோணத்தையும், அதன் ஒவ்வொரு கோடும் 1 கலையையும் அடைக்கின்றன (1 பாகையின் அறுபதில் ஒரு பங்கு 1 கலை). அந்த எழுத்தின் உயரம் 9 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 6/60 என்றால், இயல்பான பார்வையுள்ளவர் 60 மீட்டரிலிருந்து படிக்கக்கூடியதை இவர் 6 மீட்டருக்கு வந்துதான் படிக்கிறார் என்று பொருள். 6/6 என்பதை நூற்றுக்கு நூறு என்று பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் நலமான இளைஞர்களில் பலர் அதற்கும் கீழுள்ள வரியைப் படிப்பார்கள். நம் ஊர் அறைகள் பலவும் 6 மீட்டர் நீளம் இல்லாதவை என்பதால், பலகையை நோயாளியின் தலைக்குப் பின்னால் மாட்டி, எதிரே 3 மீட்டரில் வைத்த முகம் பார்க்கும் கண்ணாடியில் அதைப் படிக்கச் சொல்வார்கள். எழுத்தறியாதவர்களுக்கு நாற்புறமும் திரும்பிய ஆங்கில ‘E’ வடிவம் போதும், விரலால் திசை காட்டினால் சரி. காத்திருக்கும்போதே முதல் மூன்று வரிகளை மனப்பாடம் செய்துவிடும் பிள்ளைகளுக்காகவே தேர்ந்த பரிசோதகர்கள் எழுத்துகளைப் பின்னிருந்து முன்னாகப் படிக்கச் சொல்கிறார்கள்.

படிக்க முடியாத ஒருவரின் கண்முன் ஊசித்துளை இட்ட கறுப்புத் தட்டு ஒன்றைப் பிடிப்பதும் உண்டு. பரிசோதனை அறையில் இத்தனை மலிவான, இத்தனை பயனுள்ள கருவி வேறில்லை. துளை வழியாக மெல்லிய ஒளிக்கற்றை மட்டுமே நுழைவதால், குவியம் எங்கே விழுந்தாலும் விழித்திரையில் படும் மங்கல் வட்டம் சிறியதாகிவிடும். துளை வழியே பார்வை தெளிந்தால் குறை பெரும்பாலும் ஒளி குவிவதில் உள்ளது, கண்ணாடியால் தீரும். தெளியாவிட்டால் விழித்திரையிலோ பார்வை நரம்பிலோ, அல்லது லென்ஸில் திரண்ட புரையிலோ கோளாறு இருக்கலாம் என்று தேட வேண்டும்.

நோயாளி ஒரு சொல்லும் பேசாமலேயே பவரைக் கண்டறியும் முறையும் இருக்கிறது. இருட்டறையில் பரிசோதகர் ஒரு கையடக்க விளக்கிலிருந்து கோடு போன்ற ஒளியைக் கண்ணுக்குள் பாய்ச்சி இடவலமாக அசைப்பார். கண்பாவைக்குள் செந்நிறமாகத் திரும்பிவரும் ஒளி, விளக்கு நகரும் திசையிலேயே நகர்ந்தால் ஒளியைக் குவிக்கும் பிளஸ் லென்ஸும், எதிர்த்திசையில் நகர்ந்தால் ஒளியை விரிக்கும் மைனஸ் லென்ஸும் கண்முன் வைக்கப்படும். எந்த லென்ஸில் அந்த ஒளி நகர்வதை நிறுத்திப் பாவை முழுவதும் ஒரே நேரத்தில் ஒளிர்கிறதோ அதுவே கணக்கின் முடிவு. பரிசோதகர் ஏறத்தாழ 67 சென்டிமீட்டரில் உட்கார்ந்திருப்பதால் ஒன்றரை டயாப்டரைக் கழித்துக்கொள்வார். பேச்சு வராத கைக்குழந்தைக்கும் நினைவு தடுமாறும் முதியவருக்கும் இதுவே நம்பகமான வழி. கைப்பழக்கம் உள்ள பரிசோதகரின் இந்த அளவீட்டை, பலூன் காட்டும் கருவி தரும் எண்ணைவிட மேலாகவே நான் மதிக்கிறேன், குறிப்பாகக் குழந்தைகளின் விஷயத்தில்.

இதன் பிறகுதான் எல்லோருக்கும் நினைவிருக்கும் அந்தக் கேள்வி வருகிறது: “இது தெளிவா, அது தெளிவா?” வட்டச் சட்டத்தை மூக்கில் மாட்டி, லென்ஸ்களை மாற்றி மாற்றிச் செருகும் இந்தக் கட்டத்தில் பலர் தேர்வெழுதுவதைப் போலப் பதறுகிறார்கள், தவறாகச் சொல்லிவிட்டால் தவறான கண்ணாடி வந்துவிடும் என்று அஞ்சுகிறார்கள். பரிசோதகர் முதலில் வேண்டுமென்றே கூடுதல் பிளஸ் வைத்துப் பார்வையை மங்கலாக்குவார். அந்த நிலையில் வளையத் தசை சுருங்கினால் மங்கல் இன்னும் கூடுமே தவிரக் குறையாது, ஆகவே தசை தானாகத் தளர்ந்துவிடும். பிறகு கால் டயாப்டர் கால் டயாப்டராகக் குறைத்துக்கொண்டே வந்து, தெளிவு கிடைத்த இடத்தில் நிறுத்துவார். மைனஸை மேலும் கூட்டினால் எழுத்து சிறிதாகவும் கறுப்பாகவும் தெரியும், நோயாளி அதைத் ‘தெளிவு’ என்று சொல்லிவிடுவார். தேவைக்கு மேல் மைனஸ் ஏறிய கண்ணாடிகள் இப்படித்தான் உருவாகின்றன.

கருவிழி கோலிக்குண்டைப் போல எல்லாப் பக்கமும் ஒரே வளைவோடு இல்லாமல், கரண்டியின் முதுகைப் போல ஒரு திசையில் கூடுதலாகவும் மறு திசையில் குறைவாகவும் வளைந்திருந்தால் சீட்டில் ‘சிலிண்டர்’ என்ற எண்ணும், அது எந்தத் திசையில் என்பதைச் சொல்லும் 1 முதல் 180 வரையிலான ‘ஆக்ஸிஸ்’ எண்ணும் சேரும். இக்குறையைத் தாமஸ் யங் 1801-இல் தம் கண்ணிலேயே அளந்து விவரித்தார். வானியலாளர் ஜார்ஜ் ஏரி 1825-இல் தம் இடக்கண்ணுக்காக உருளை வடிவ லென்ஸ் ஒன்றை வடித்துக்கொண்டார். இன்று அந்தத் திசையை அறிய, பிடி உள்ள ஒரு சிறு லென்ஸைக் கண்முன் புரட்டிப் புரட்டிக் காட்டுவார்கள். முதல் நிலையா இரண்டாம் நிலையா என்று கேட்கப்படும்போது, “இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறது” என்று சொல்ல நோயாளிகள் தயங்குகிறார்கள். பரிசோதகர் தேடிக்கொண்டிருப்பது அந்தப் பதிலைத்தான். வேறுபாடு மறையும் புள்ளியே சரியான அளவு.

கடைசியாகச் சிவப்பிலும் பச்சையிலும் எழுத்துகள் காட்டப்படுவதுண்டு. பச்சை ஒளி சிவப்பைவிடச் சற்று முன்னாலேயே குவியும். பவர் சரியாக இருந்தால் விழித்திரை இரண்டுக்கும் நடுவில் அமைந்து, எழுத்துகள் சமமான கூர்மையோடு தெரியும். சிவப்பு மட்டும் கூர்மையானால் மைனஸ் போதவில்லை, பச்சை கூர்மையானால் மைனஸ் மிகுந்துவிட்டது. கேட்கப்படுவது நிறத்தைப் பற்றி அன்று, கூர்மையைப் பற்றியே என்பதால் நிறக்குருடு உள்ளவருக்கும் இது பொருந்தும்.

இதுவரை சொன்ன அனைத்தும் பவர் மட்டுமே. கண்ணுக்குள் உள்ள நீரின் அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் என்ற எல்லைக்குள் இருக்கிறதா, பார்வை நரம்பின் முனையில் குழிவு கூடியிருக்கிறதா, நீரிழிவு விழித்திரையின் நுண்குழாய்களைக் கசியவைத்திருக்கிறதா என்பவை தனிப் பரிசோதனைகள். கண் அழுத்த நோய் ஓரப் பார்வையை முதலில் தின்பதால், நோய் முற்றும்வரை ஒருவர் 6/6 வரியைப் படித்துக்கொண்டே இருக்கக்கூடும். கண்ணாடிக் கடையில் இலவசமாகப் பவர் பார்த்ததைக் கண் பரிசோதனை என்று எண்ணிக்கொள்வதால் நேரும் இழப்பு பெரிது.

இனி திருத்தும் வழிகள். அவை எல்லாம் ஒரே வேலையைச் செய்கின்றன: குவியத்தை விழித்திரைக்கு நகர்த்துகின்றன. எந்த இடத்தில் நின்று நகர்த்துகின்றன என்பதில்தான் வேறுபாடு. மூக்குக் கண்ணாடி கண்ணுக்கு 12 மில்லிமீட்டர் முன்னால் நிற்கிறது. அந்த இடைவெளியால் மைனஸ் 10 கண்ணாடி அணிபவருக்குக் கான்டாக்ட் லென்ஸில் ஏறத்தாழ மைனஸ் 9 போதும். சோடாபுட்டிக் கண்ணாடிக்குள் கண்கள் சிறுத்துத் தெரிவதும் இந்த இடைவெளியால்தான்.

நாற்பதைக் கடந்ததும் இயற்கை லென்ஸ் விறைத்துப்போய், தசை இழுத்தும் உப்ப மறுக்கும்போது வெள்ளெழுத்து வருகிறது. செய்தித்தாளைக் கை நீளும் தூரத்துக்குத் தள்ளிப் பிடிக்கத் தொடங்குவோம். சாளேஸ்வரம் என்று பெரியவர்கள் சொல்வதும் இதையே. அசாமின் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர்களுக்குக் கிட்டப் படிக்கும் கண்ணாடி கொடுத்து ஆராய்ந்தபோது, கண்ணாடி பெறாதவர்களைவிட அவர்கள் பறித்த இலையின் அளவு ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடியதாக 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. மிகச் சாதாரணமான அந்தக் கண்ணாடியின் மதிப்பை இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது.

மென்மையான கான்டாக்ட் லென்ஸைச் செக் வேதியியலாளர் ஓட்டோ விக்டெர்லே 1961-இல், பிள்ளைகளின் கட்டுமான விளையாட்டுப் பொருள்களால் செய்த சுழல் கருவியில் வார்த்தெடுத்தார். கருவிழியில் இரத்தக் குழாய்கள் இல்லை, அது காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பெறுகிறது. லென்ஸோடு உறங்கக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம். குழாய்த் தண்ணீரில் லென்ஸைக் கழுவவே கூடாது, ஏனெனில் அந்நீரில் வாழும் ஒருவகை அமீபா கருவிழியைத் துளைத்துப் பார்வையையே பறிக்கக்கூடியது.

கருவிழியைச் சீவிப் பவரைத் திருத்தும் லேசர் சிகிச்சையின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அமெரிக்கா சென்ற வேதியியலாளர் ரங்கசாமி ஸ்ரீநிவாசன் இருக்கிறார். ஐபிஎம் ஆய்வகத்தில் 1981 நவம்பரில், பண்டிகை விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டின்மேல் 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள எக்சைமர் லேசரைப் பாய்ச்சியபோது, சுற்றியுள்ள திசு கருகாமல் மிகத் துல்லியமான பள்ளம் விழுந்ததை அவர் கண்டார். அந்தப் புற ஊதா ஒளி மூலக்கூறுப் பிணைப்புகளையே உடைத்து மேற்பரப்பை ஆவியாக்கிவிடுகிறது, வெப்பம் பரவ நேரமில்லை. கண் மருத்துவர் ஸ்டீபன் டிராக்கல் அவரோடு சேர்ந்து அதைக் கருவிழிக்குக் கொண்டுவந்தார். இன்று 6 மில்லிமீட்டர் அகல வட்டத்தில் 1 டயாப்டரைத் திருத்த ஏறத்தாழ 12 மைக்ரான் திசுவைச் சீவ வேண்டும். மைனஸ் 5 உள்ளவருக்கு 60 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியின் பருமன். கருவிழியின் நடுத் தடிமன் 540 மைக்ரான் அளவே என்பதால் எல்லோருக்கும் இது பொருந்தாது. மெலிந்த கருவிழி, கூம்பு வடிவில் துருத்தும் கருவிழி, ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டிருக்கும் பவர், கடும் கண் வறட்சி ஆகியவை உள்ளவர்களை மருத்துவர் திருப்பியனுப்பினால் அவர் சரியாகவே செய்கிறார். மிக உயர்ந்த பவர் உள்ளவர்களுக்குக் கருவிழியைச் சீவாமல், இயற்கை லென்ஸுக்கு முன்னால் மெல்லிய லென்ஸ் ஒன்றை உள்ளே பொருத்துவதும் உண்டு.

இவற்றில் எதுவும் நீண்டுபோன கண்ணைக் குறுக்குவதில்லை. லேசருக்குப் பின் மைனஸ் 8 மறைந்துவிட்டாலும் கண்ணின் நீளமும், அதற்கேற்ப இழுபட்டு மெலிந்த விழித்திரையும் அப்படியேதான் இருக்கின்றன. விழித்திரை கிழியும் அபாயமும் மாறாமல் இருப்பதால் சொட்டு மருந்து விட்டுப் பார்க்கும் பரிசோதனையை நிறுத்த இயலாது. பல ஆண்டுகள் கழித்துக் கண்புரை அறுவைக்கு வரும்போது, சீவப்பட்ட கருவிழியின் வளைவை வழக்கமான சூத்திரங்கள் தவறாகக் கணிப்பதால், உள்ளே வைக்கும் லென்ஸின் பவர் பிசகிவிடக்கூடும். லேசருக்கு முன் எடுத்த கருவிழி அளவுகளும் பழைய பவர் சீட்டும் இருக்கின்றனவா என்று மருத்துவர் அன்று கேட்பார்.