படத்தை உரிப்பது வெயிலா, மதிலா?

எங்கள் ஒழுங்கை முகப்பில் புதிதாய் எழுந்த மதிலில் போன ஆவணியில் பிள்ளைகள் சேர்ந்து படம் கீறினார்கள். கடல்நீரில் விளக்கெரிக்கும் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் பானை தூக்கிப் போகும் பெண், மடு மாதா கோயில் முகப்பு, மன்னார்ப் பெருக்க மரமும் அதனடியில் தொப்பி போட்ட ஒரு பொடியனும், 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் கொழுந்துக் கூடை, வவுனியாப் பக்கத்து வெசாக் கூடு. வன்னியில் யார் யார் இருக்கிறோம் என்பதை ஒரே மதிலில் பார்த்துவிடலாம்.

தாளில் ஒரு அங்குலக் கட்டம், மதிலில் நூலடித்து ஒரு அடிக் கட்டம். படம் 12 மடங்கு பெருக்கும். தன் கட்டத்துக்குள் இருக்கும் கோட்டை மட்டும் பார்த்துக் கீறினால் போதும் என்பதால் பத்து வயதுப் பிள்ளைக்கும் அதில் வேலை இருந்தது.

மார்கழி மழை ஓய்ந்தபோது பானைக்காரியின் முகத்தில் வெள்ளை பூத்திருந்தது. அவளுடைய சிவப்புச் சேலை செதில் செதிலாய்க் கழன்றது. மலிவுப் பெயின்ற் என்றார்கள். பெயின்ற் மீது பழிபோடுவது சுலபம். என் கணக்கில் பாதிக் குற்றத்துக்கு மேல் மதிலுடையது.

சீமெந்து தண்ணீருடன் சேர்ந்து இறுகும்போது கல்சியம் ஐதரொட்சைட்டும் உண்டாகிறது. அதனால் புதுப் பூச்சின் காரத்தைக் காட்டும் பீஎச் பெறுமானம் 12, 13 வரை போகும். சவர்க்காரத்தைவிடக் கடுங்காரம். பூச்சுக்குள் ஊறும் மழைநீர் இதைக் கரைத்து வைத்திருக்கும்; வெயில் வந்ததும் வெளிமுகத்துக்கு இழுத்து வரும். நீர் ஆவியாகிப் போக, மிஞ்சியது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டுடன் கூடிக் கல்சியம் காபனேற்றாகிறது. முகத்தில் பூத்தது அதுதான். நீரில் கரையாது, ஆகவே கழுவியும் போகவில்லை.

சேலையின் கதை வேறு. யாரோ கேற்றுக்கு அடித்து மிஞ்சிய எனாமல் அது, எண்ணெய் சேர்ந்த பெயின்ற். எண்ணெயும் காரமும் சேர்ந்தால் என்ன வரும்? சவர்க்காரம். ஈரமான புதுப் பூச்சின் மேல் எனாமலின் அடிப்பக்கம் மெல்ல மெல்லச் சவர்க்காரமாகி, பிடி விட்டுப் போயிற்று.

இமல்ஷன் பெயின்ற் காரத்தை நன்றாகவே தாங்கும். அது நீரில் மிதக்கும் பிளாஸ்டிக் துணிக்கைகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றரில் ஏறக்குறையப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நீர் போகப் போகத் துணிக்கைகள் நெருங்கி, நசுங்கி, ஒன்றோடொன்று இணைந்து ஒரே படலமாகும். உச்சி வெயிலில் கொதிக்கும் மதிலில் பூசினால் அவை இணைவதற்குள் நீர் ஓடிவிடும். காலையிலேயே வேலையை முடிப்பது களைப்புக்காக மட்டுமில்லை.

அப்படியானால் வெயில் ஒன்றும் செய்யாதா? செய்யும், ஆறுதலாக. பஸ் நிலையத்தில் நாள்பட்ட போஸ்டர்கள் நீலமாகிப் போவதைக் கவனித்திருப்பீர்கள். சிவப்பு, மஞ்சள் மைகள் பலவற்றில் உள்ள பிணைப்புகளைப் புறஊதாக் கதிர் முறித்துவிடுகிறது. நீல மையின் மூலக்கூறு வளையம் தாக்குப்பிடிக்கிறது. ஆனால் காவி வெளிறாது. அது இரும்பு ஒட்சைட்டு, நம் செம்மண்ணுக்கு நிறம் கொடுப்பதும் அதுவே. ஏற்கெனவே துருவாகிவிட்ட இரும்பை வெயில் இன்னும் என்ன செய்வது?

பூச்சு முடிந்து இரண்டு கிழமையில் படம் தொடங்கியதைக் கேட்டு, "28 நாளாவது காய விடாமல் என்ன அவசரம் தம்பி?" என்றார் மேசன் ஐயா. இப்போது பூச்சுக்கு வயதாகிவிட்டது. மாசியில் பழையதைச் சுரண்டி, காரம் தாங்கும் பிறைமர் அடித்து, மறுபடி கட்டம் போட்டார்கள். நிலத்து ஈரம் உப்போடு ஏறும் முழங்கால் உயரம்வரை மட்டும் படமில்லை. கோயில் மதில்போலச் சுண்ணாம்பும் காவியும் பட்டை பட்டையாய். சுண்ணாம்பு மதிலின் ஈரத்தை வெளியே விடும். காற்றுப் பட்டு இறுகியதும் அதுவும் கல்சியம் காபனேற்றுத்தான், பானைக்காரியின் முகத்தைக் கெடுத்த அதே வெள்ளை.