லாரி ஸ்டியரிங்கில் ஆட்டமா? பாக்ஸ் திருகை அப்புறம் தொடுங்கள்

பர்மாவில், தட்டோனில் ரப்பர் ஏற்றிக்கொண்டு மோல்மேன் பக்கம் போகிறோம். லாரி பழையது, ஆனால் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. முன்னால் போகிற வண்டியை முந்துவதற்காக இடப்பக்கம் ஏறி சாலையின் நடு மேட்டைத் தாண்டினால், ஒரு கணம் ஸ்டியரிங்கில் கனமே இல்லாமல் போய்விடுகிறது. வீலைத் திருப்புகிறோம், வண்டி கேட்பதில்லை, தன் போக்கில் எதிர்த் தடத்துக்குள் சரிகிறது. அப்புறம் சட்டென்று பிடிக்கிறது.

மழைநீர் வடிவதற்காகச் சாலையை நடுவில் உயர்த்தி ஓரங்களில் தாழ்த்திப் போடுகிறார்கள். நாம் வலப்பக்கம் போவதால் வண்டி எப்போதும் வலப்பக்கச் சரிவில் இறங்கப் பார்க்கும், நாமும் நம்மை அறியாமல் வீலைக் கொஞ்சம் இடப்பக்கமாகப் பிடித்துக்கொண்டே ஓட்டுவோம். அந்தப் பிடியில் ஸ்டியரிங்கையும் முன் சக்கரங்களையும் சேர்க்கிற எல்லா இணைப்புகளும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நெருங்கியிருப்பதால் ஆட்டம், அதாவது வீலைத் திருப்பியும் சக்கரம் அசையாத அந்த இடைவெளி, வெளியே தெரியாது. நடு மேட்டைத் தாண்டியதும் சரிவு மறுபக்கம் திரும்புகிறது, அத்தனை இணைப்புகளும் ஒரே நேரத்தில் அடுத்த பக்கம் சாய வேண்டியிருக்கிறது. கனமற்ற அந்தக் கணம் இதுதான். பர்மாவில் 1970இல் போக்குவரத்து வலப்பக்கம் மாறியது, ஆனால் 1960களில் ஜப்பானின் போர் இழப்பீட்டில் வந்த ஹினோ லாரிகளுக்கும் அவற்றுக்குப் பிறகு வந்த பெரும்பாலான ஜப்பான் வண்டிகளுக்கும் ஸ்டியரிங் இன்னும் வலப்பக்கத்தில்தான். முந்தும்போது எதிரே வருவது டிரைவருக்குத் தெரிவதில்லை, இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் ஸ்பேர், அதாவது உதவியாள், எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்காமல் போவது சின்ன விஷயமே இல்லை.

ஆட்டம் தெரிந்தவுடன் பெரும்பாலோர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு நேராக ஸ்டியரிங் பாக்ஸின் (வீலின் சுற்றை இணைப்புகளின் அசைவாக மாற்றுகிற பெட்டி) மேலுள்ள திருகுக்குப் போகிறார்கள். அது கடைசியில் தொட வேண்டிய இடம். ஒரு சின்னக் கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். பழைய லாரிகளில் ஸ்டியரிங் வீலை ஏறக்குறைய 20 டிகிரி திருப்பினால்தான் முன் சக்கரம் 1 டிகிரி திரும்பும், இல்லாவிட்டால் அவ்வளவு பாரத்தைக் கையால் திருப்ப முடியாது. இதே விகிதம் தலைகீழாகவும் வேலை செய்கிறது. சக்கரத்தின் பக்கம் 18 செ.மீ. நீளமுள்ள இரும்புக் கையில் மாட்டியிருக்கிற ஒரு பால் ஜாயிண்ட் (குழிக்குள் குண்டு திரும்புகிற இணைப்பு) 1 மி.மீ. தேய்ந்தால், சக்கரத்தில் அது டிகிரியில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் 45 செ.மீ. விட்டமுள்ள ஸ்டியரிங் வீலின் விளிம்பில் அதுவே இரண்டரை செ.மீ. ஆகிவிடுகிறது. கீழே இரண்டு ஜாயிண்ட் இப்படித் தேய்ந்திருந்தால், பாக்ஸ் புத்தம் புதிதாக இருந்தாலும் வீல் நாலைந்து செ.மீ. சும்மா ஆடும். இந்தியாவில் மோட்டார் வாகன விதி அனுமதிக்கிற அதிகபட்ச ஆட்டம் 30 டிகிரி. என்னைக் கேட்டால் மலைப்பாதைக்கு அதுவே அதிகம்.

ஆகவே அசைவு எங்கே செத்துப்போகிறது என்று முதலில் தேடுங்கள். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கை பிரேக் போட்டு, முன் சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே ஒருவரை உள்ளே உட்கார வையுங்கள். எங்கள் வீட்டு லாரிக்கு என் தம்பி உட்கார்ந்தான். நான் அடியில் படுத்து, ஒவ்வொரு ஜாயிண்டையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு "ஆட்டுடா" என்றேன். வீலை இப்படியும் அப்படியும் கொஞ்சமாக ஆட்டினால் போதும். நல்ல ஜாயிண்டில் இரண்டு பக்கமும் சேர்ந்தே அசையும். தேய்ந்ததில் ஒரு பக்கம் முதலில் போகும், மறுபக்கம் சற்றுப் பிந்தி "டக்" என்று வரும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிந்தல் கைக்குத் தெரிந்துவிடுகிறது. எங்கள் வண்டியில், பாக்ஸின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற கம்பியான டிராக் லிங்க்கின் முன் முனையில் அது கிடைத்தது, சேறு காய்ந்து மூடியிருந்ததால் பார்வைக்கு ஒன்றுமே தெரியவில்லை. பாக்ஸைச் சேசிஸில் பிடித்திருக்கிற போல்ட்டுகளையும் அப்போதே பாருங்கள், சில வண்டிகளில் பாக்ஸே அசையும்.

அடுத்து முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, கீழே உறுதியான ஸ்டாண்டு வையுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால், உள்ளே இருப்பவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் தேய்ந்தது வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின்னின் (சக்கரம் இடவலமாகத் திரும்புவதற்கான அச்சாணி) புஷ். கிங் பின்னுக்கு கிரீஸ் அடிக்கும்போதும் அச்சு தூக்கியபடியே இருக்கட்டும். பாரம் இறங்கியிருந்தால் அடியில் அழுந்தி நிற்கிற பரப்புகளுக்குள் கிரீஸ் நுழையாது, நாள் தவறாமல் அடித்தாலும் அந்த இடம் காய்ந்தேதான் கிடக்கும்.

பழைய வகை டிராக் லிங்க்கில் ஸ்பிரிங்கும் திருகு மூடியும் இருந்தால் வீட்டிலேயே சரிசெய்யலாம். மூடியை முழுக்க இறுக்கி, ஸ்பிலிட் பின் (மூடி கழலாமல் தடுக்கிற பிளவு ஆணி) துளை நேர்ப்படும் வரை மட்டும் தளர்த்திப் புதுப் பின் போட வேண்டும். இரண்டு முன் சக்கரங்களையும் சேர்க்கிற டை ராடின் முனை, அதாவது டை ராடு எண்டில் இதற்கு நேர்மாறு: துளை நேர்ப்படாவிட்டால் நட்டை இன்னும் இறுக்கத்தான் வேண்டும், தளர்த்தவே கூடாது. தேய்ந்த டை ராடு எண்டை மாற்றத்தான் வேண்டும். வெல்டு வைத்து ஒப்பேற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சூடுபட்ட இரும்பு பிற்பாடு சொல்லாமல் ஒடியும், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு ஆட்டம் மிச்சமிருந்தால் பாக்ஸுக்கு வரலாம். உள்ளே ஒரு திருகுத் தண்டு, அதன்மேல் நட் மாதிரி ஒரு இரும்புக் கட்டை, இரண்டுக்கும் நடுவில் எஃகுக் குண்டுகள். தண்டு சுழன்றால் குண்டுகள் உருண்டு போய் ஒரு குழாய் வழியாகத் திரும்பி வரும், அதனால் உராய்வு குறையும். கட்டையின் பற்கள், வெளியே இணைப்புகளை அசைக்கிற செக்டர் தண்டின் பற்களைத் தள்ளும். செக்டர் பற்கள் ஒரு முனையில் கொஞ்சம் குறுகலாக இருப்பதால், மேலுள்ள திருகு அந்தத் தண்டை நெடுக்காக நகர்த்தும்போது பற்களின் இடைவெளி நெருங்குகிறது. லாரி நேராக ஓடுகிற நேரமே அதிகம் என்பதால் நடுப்பற்கள்தான் முதலில் தேயும். அதற்காகவே நடுவை மட்டும் சற்று இறுக்கமாகச் செய்து வைத்திருக்கிறார்கள். ஆகவே சக்கரம் தூக்கியிருக்க, வீலை நேராக வைத்து, லாக் நட்டைத் தளர்த்தி, எட்டில் ஒரு சுற்று மட்டும் இறுக்குங்கள். பிறகு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பிப் பாருங்கள். நடுவில் லேசாகக் கனம் தட்டினால் சரி, மற்ற இடத்தில் எங்காவது பிடித்தால் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். நடுப்பல் ரொம்பத் தேய்ந்த பாக்ஸை நடுவுக்காக இறுக்கினால் ஓரங்களில் பிடிக்கும், வளைவில் திருப்பிய வீல் தானாகத் திரும்பி வராது. அது ஆட்டத்தைவிட ஆபத்து. அந்த நிலையில் பாக்ஸைப் பிரித்துச் சாமான் மாற்றுவதுதான் வழி.

டை ராடைத் தொட்டிருந்தால் முன் சக்கரங்களின் டோ அளவை (இரண்டு சக்கரங்களின் முன்பக்க, பின்பக்க இடைவெளிகளின் வித்தியாசம்) வண்டிக்கு உரிய கணக்கில் வைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் புது டயரை ஒரு பருவமழைக்குள் தின்றுவிடும். எல்லாம் முடிந்ததும் ஆளில்லாத சாலையாகப் பார்த்து மெதுவாக ஓட்டி, நடு மேட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சிலமுறை தாண்டிப் பாருங்கள். தம்பி அன்று நாலு தடவை தாண்டினான். கை கனம் மாறியதே தவிர, ஒருமுறைகூட விட்டுப்போகவில்லை.