கறுத்த தோலும் கேமராவின் கணக்கும்

காசிமேட்டில் வெயில் ஏறும் நேரம். ஐஸ் உடைக்கும் அண்ணன் ஒருவரைக் கடல் பின்னால் தெரிகிற மாதிரி நிற்க வைத்து செல்போனில் எடுத்தேன். கடலும் வானமும் பளிச்சென்று விழுந்தன, அவர் முகம் மட்டும் கரிக்கட்டை. “நம்ம கலரு அப்படி தம்பி” என்றார். கேட்கவே கஷ்டமாக இருந்தது.

கலர் காரணமே இல்லை. கேமரா, சட்டகத்துக்குள் வரும் வெளிச்சத்தை அளந்து, மொத்தத்தில் அது நடுத்தரச் சாம்பலாக விழும்படி கணக்குப் போடும். சுமார் 18 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அது. பின்னால் வானம் வெளிச்சத்தைக் கொட்டினால் கேமரா எல்லாவற்றையும் சேர்த்துக் குறைத்துவிடும். ஃபிலிம் காலத்திலும் ஓரவஞ்சனை இருந்தது: ஃபிலிம் தயாரித்த கோடாக் நிறுவனம், படம் கழுவும் ஆய்வகங்களுக்கு நிறம் சரிபார்க்க அனுப்பிய ‘ஷெர்லி’ அட்டையில் பல்லாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்தான் இருந்தாள். அவள் தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்று அர்த்தம்.

தோலில் வெளிச்சம் இரண்டு விதமாகத் திரும்புகிறது. ஒரு பங்கு உள்ளே போய், தோலுக்குக் கறுப்பைத் தரும் மெலனின் என்ற நிறமியிடம் கொஞ்சம் பறிகொடுத்துவிட்டு, சிதறி வெளியே வரும். இன்னொரு பங்கு, சுமார் 4, 5 சதவீதம், தோலின் மேற்பரப்பிலேயே பட்டுத் தெறிக்கும். இந்தத் தெறிப்பு எந்த நிறத் தோலிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கறுத்த தோலில் உள்ளிருந்து வருவது குறைவு என்பதால் இந்தத் தெறிப்பின் மினுமினுப்பு எடுத்துத் தெரியும். கன்னமேடு, தோள்பட்டை, புஜம் எல்லாவற்றின் வடிவத்தையும் அதுதான் சொல்கிறது. வெளிச்சம் எங்கிருந்து வருகிறதோ அதன் நிறமும் அதில் ஒட்டிக்கொள்ளும்; நிழலில் நிற்பவர் தோளில் வானத்தின் நீலத்தைப் பார்க்கலாம். அமெரிக்க ஓவியர் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் ஒரே கறுப்போடு நிற்காமல் பலவகைக் கறுப்பு நிறமிகளை வைத்து உடல்களைத் தீட்டுவது இதனால்தான் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

சின்ன ஃப்ளாஷ் அடித்தால் மினுமினுப்பு நெற்றியில் ஒரு பொட்டாகச் சுருங்கும். அதை மறைக்கத்தான் சின்ன வயதில் பழைய வண்ணாரப்பேட்டை ஸ்டூடியோ ஒன்றில் என் முகத்தில் பவுடரை அப்பினார்கள். பவுடர் தெறிப்பைச் சிதறடிக்கும், கூடவே கன்னத்தின் வடிவமும் போய்விடும். அந்தப் படத்தில் நான் சாம்பல் பூசிய தட்டு மாதிரி இருக்கிறேன்.

சரி, அண்ணனுக்கு வருவோம். “அண்ணே, இந்தக் கூரைக்குள்ள வந்து கடலைப் பாருங்க” என்றேன். இப்போது கிழக்கு வானம் முழுக்க அவருக்கு விளக்கு. திரையில் அவர் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றினேன். புருவமேட்டிலிருந்து தாடை வரை நீளமாக ஒரு பளபளப்பு, கழுத்து நரம்பு, மீசைக்கு மேலே வியர்வைத் துளிகள். படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தார். “வீட்டுக்கு அனுப்பு தம்பி” என்று நம்பர் சொன்னார்.