ஒலித்திரிபு: லினக்ஸில் சத்தம் 'கிழிவது' எது, 'பொரிவது' எது?

டிஸ்டார்ஷன் என்ற சொல்லின் வேர் லத்தீன். 'டார்க்குவேரே' என்றால் முறுக்குதல். எஞ்சின்காரர்கள் சொல்லும் டார்க்கும் (முறுக்குவிசை) அதே வேரில் முளைத்ததுதான். தமிழில் இதற்கு நேர்ச்சொல் கையருகிலேயே இருக்கிறது. கயிறு திரிக்கிறோம், விளக்குக்குத் திரி போடுகிறோம், பால் திரிந்துபோகிறது (எல்லை தாண்டிப் பாலக்காட்டு மலையாளத்தில் அது 'பிரிஞ்ஞு'). முறுக்குதல், இயல்பு மாறுதல் இரண்டும் 'திரி'க்குள் அடங்கும். இயற்பியல் பாடநூல்கள் 'ஸ்ட்ரெயின்' என்பதற்கும் திரிபு என்றே எழுதுவதால், குழப்பம் வராமல் ஒலித்திரிபு என்பது நல்லது. 'ஒலிச்சிதைவு' என்றும் எழுதுகிறார்கள். சிதைந்தால் உடைந்து போக வேண்டும். இங்கே உடைவதில்லை, உருவம்தான் மாறுகிறது.

சிக்கல் வேறிடத்தில். லினக்ஸில் ஒலி பதிந்து கலக்க உதவும் ஆர்டோரிலோ, இசை அமைக்க உதவும் எல்எம்எம்எஸ்ஸிலோ சத்தம் கெட்டால் எல்லாவற்றையும் டிஸ்டார்ஷன் என்றே சொல்லிவிடுகிறோம். மலையாளத்தில் 'சவுண்டு பொட்டுன்னு' (சத்தம் வெடிக்குது) என்று முடித்துவிடலாம். பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ்க் காதுக்கு மூன்று சொல் இருக்கிறது: கிழியுது, பொரியுது, இரையுது. நன்னூல் புணர்ச்சிக்குச் சொல்லும் திரிதல், கெடுதல், தோன்றல் என்ற மூன்று விகாரங்களோடு இவை அப்படியே பொருந்துவது வேடிக்கை. திரிதலில் உருவம் மாறுகிறது, கெடுதலில் இருந்தது தொலைகிறது, தோன்றலில் இல்லாதது வந்து சேர்கிறது.

கிழிவதுதான் உண்மையான ஒலித்திரிபு. ஆங்கிலத்தில் கிளிப்பிங், அதாவது நறுக்குதல். 16 பிட் பதிவில் ஒரு மாதிரியின் (சாம்பிள், அதாவது ஒரு கணத்து ஒலியின் அளவு) உச்ச எண் 32,767. அதற்கு மேல் எழும் அலையின் முகடு தட்டையாக வெட்டப்படும். 'முகடுவெட்டு' என்றால் பொருள் தானே விளங்கும். செண்டையும் தவிலும் இதில் மோசம்: சராசரி அளவு சாதுவாகத் தெரியும், கோல் விழும் கணத்தில் முள் சிவப்பைத் தொட்டுவிடும். பலரும் உடனே ஆர்டோரின் ஃபேடரை (ஒலியளவுச் சறுக்கி) இறக்குகிறார்கள். பயனில்லை. ஆர்டோருக்குள்ளே கணக்கு 32 பிட் மிதவை எண்ணில் (தசமப்புள்ளி நகரும் எண், ஃபுளோட்) நடப்பதால் அங்கே முகடு வெட்டுப்படாது. வெட்டு சவுண்டு கார்டின் வாசலிலேயே நடந்து முடிந்திருக்கும். முனையத்தில் (டெர்மினல்) ஆல்சாமிக்சரை (alsamixer, சவுண்டு கார்டின் அளவுகளை மாற்றும் நிரல்) திறந்து, எஃப்6 அழுத்திச் சரியான கார்டைத் தேர்ந்து, எஃப்4-ல் பதிவுப் பக்கத்துக்குப் போங்கள். மைக் பூஸ்ட்டை (மைக்குக்கான கூடுதல் பெருக்கம்) 0 ஆக்குங்கள். யூஎஸ்பி இடைமுகம் என்றால் அதன் மேலுள்ள கெயின் குமிழைத் திருகுங்கள். 24 பிட்டில் பதிந்து, உச்சம் −12 டெசிபலுக்கும் −6 டெசிபலுக்கும் இடையே நிற்கட்டும். பதிவு சுத்தமாக இருந்தும் கேட்கும்போது கிழிந்தால் மாஸ்டர் மீட்டரைப் பாருங்கள். டெஸ்க்டாப் ஒலியளவு 100 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பொரிவது வேறு நோய். ஒலியளவைக் குறைத்தாலும் 'பட்பட்' குறையாது. இதன் பெயர் எக்ஸ்ரன். ஓவர்ரன், அண்டர்ரன் இரண்டுக்கும் பொதுவாக, இன்னதென்று குறிக்காமல் 'எக்ஸ்' போட்டிருக்கிறார்கள். பஃபரை (ஒலித் தரவு தற்காலிகமாகத் தங்கும் நினைவிடம்) தண்ணீர்த் தொட்டியாக நினைத்தால் விளங்கும். ஒலிக்கும்போது நிரல் நேரத்துக்கு நிரப்பாவிட்டால் தொட்டி வற்றும். பதியும்போது நேரத்துக்கு மொள்ளாவிட்டால் வழியும். வற்றல், வழிதல் என்றே சொல்லலாம். பொதுப்பெயர் வேண்டுமென்றால் 'தொட்டித் தவறல்'.

நொடிக்கு 48,000 மாதிரி (48,000 ஹெர்ட்ஸ்) எடுக்கும்போது பஃபர் அளவு 128 ஃபிரேம் என்றால் கணினிக்குக் கிடைப்பது 2.7 மில்லிநொடி, 256க்கு 5.3, 1024க்கு 21.3. பாடிக்கொண்டே கேட்டுப் பதிய 128 அல்லது 256 வேண்டும். பதிந்ததைக் கலக்கும்போது 1024 வைப்பதில் ஒரு நட்டமும் இல்லை. ஒலியை நிரல்களுக்கும் சவுண்டு கார்டுக்கும் இடையே கடத்தும் ஜாக்கில், யூஎஸ்பி கார்டுக்குப் பீரியட் (பஃபரின் பகுதிகளின் எண்ணிக்கை) 3 வையுங்கள். அதே வேலையைச் செய்யும் பைப்வயரில், முனையத்தில் பிடபிள்யூ-டாப் (pw-top) ஓடவிட்டு 'ஈஆர்ஆர்' பத்தியைக் கவனியுங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் தவறல் அங்கேதான். பயனர் ஆடியோ குழுவில் இருக்கிறாரா, அந்தக் குழுவுக்கு ரியல்டைம் முன்னுரிமை 95, மெம்லாக் (நினைவகத்தைப் பூட்டிவைக்கும் அளவு) வரம்பின்மை கொடுத்திருக்கிறதா என்று சோதியுங்கள். மாற்றியபின் ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழையாவிட்டால் எதுவும் நடக்காது. பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். ப்ராசசர் கவர்னர் (ப்ராசசரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) 'பவர்சேவ்'-ல் இருந்தால் 'பெர்ஃபார்மன்ஸ்'க்கு மாற்றுங்கள்.

இரைவது மின்சார வழி. சார்ஜரைப் பிடுங்கி மடிக்கணினியைப் பேட்டரியில் ஓட்டுங்கள். இரைச்சல் நின்றால் குற்றம் சார்ஜரிலோ எர்த்திலோ.

சுருதி இறங்கி ஒலிப்பதை இந்த மூன்றிலும் சேர்க்கக் கூடாது. 48,000-ல் பதிந்த கோப்பை 44,100 என்று எண்ணி ஓட்டினால் ஏறக்குறைய ஒன்றரைச் சுவரத்தானம் இறங்கும். அங்கே அலை திரியவில்லை, வேகம்தான் தவறியது.

எது என்று காதுக்குப் பிடிபடாவிட்டால் அலைவடிவைப் பெரிதாக்கிப் பாருங்கள். முகடுகள் மொட்டையாக இருந்தால் கிழிசல். நடுவே செங்குத்தாக ஒரு வெட்டோ வெற்றிடமோ இருந்தால் பொரிவு. இரண்டும் தெரியாமல் அமைதியான இடத்திலும் கோடு நடுங்கினால் இரைச்சல்.