வயர்லெஸ் செட் வாங்கப் பணம் வருகிறது, பேட்டரி மாற்ற யார் தருவார்கள்?

பெங்களூரில் இருந்துகொண்டு அவசர சேவைகளுக்கான வயர்லெஸ் சாதனங்களை நிறுவிப் பராமரிக்கும் வேலை செய்கிறேன். போலீஸுக்குக் கருவி வாங்க அரசு பணமே ஒதுக்குவதில்லை என்று இங்கே நம் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை.

காவல்துறை மாநிலத்தின் பொறுப்பு என்றாலும், அதை நவீனப்படுத்த 1969-70 முதலே ஒன்றிய அரசு நிதி தருகிறது. 2021-22 தொடங்கி ஐந்தாண்டுக்கு மட்டும் 4,846 கோடி ரூபாய். கர்நாடகம் போன்ற மாநிலங்களுக்கு 60 சதவீதம் ஒன்றியம், 40 சதவீதம் மாநிலம் என்பது கணக்கு. அதுபோக பெண்கள் பாதுகாப்புக்காக 2013-ல் தொடங்கிய நிர்பயா நிதியும் உண்டு. 112 அவசர எண்ணும், பெங்களூரின் 667 கோடி ரூபாய் சேஃப் சிட்டி திட்டமும் அந்த வழியில் வந்தவைதான்.

சிக்கல் பணம் வந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. இந்த நிதி பெரும்பாலும் பொருள் வாங்கத்தான். வாங்கியதை ஓட்டுகிற செலவு மாநிலத்தின் தலையில். ஒரு வாக்கி டாக்கியின் லித்தியம் பேட்டரி தினமும் சார்ஜ் ஏறி இறங்கினால் இரண்டு மூன்று வருஷத்தில் தளர்ந்துவிடும், அப்புறம் காலையில் முழு சார்ஜோடு எடுத்துப்போன செட் மத்தியானமே சத்தம் இல்லாமல் கிடக்கும். ஒரு ஸ்டேஷனில் நல்ல நிலையில் இருந்த செட்டுகளைப் பேட்டரி இல்லாத ஒரே காரணத்துக்காக அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார்கள். எனக்கு அது தாங்கவில்லை. ரிப்பீட்டரின் கதி இன்னும் மோசம். உயரமான கட்டடத்தின் மேல் உட்கார்ந்து சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் அந்தப் பெட்டியின் பேக்கப் பேட்டரி செத்துப்போயிருந்தால், கரண்ட் போன நிமிஷமே அதுவும் போய்விடும். கையில் இருக்கும் 5 வாட் செட் நம் ஊர் கட்டடங்களுக்கு நடுவே சில தெருக்களைத் தாண்டாது. மழைக்காலத்தில் ஆன்டெனா கேபிளின் கனெக்டருக்குள் தண்ணீர் இறங்குவது தனிக் கதை.

செல்போன் இருக்கிறதே என்று கேட்பார்கள். புத்தாண்டு இரவு பிரிகேட் ரோட்டில் நின்றவர்களுக்குத் தெரியும், கூட்டம் சேர்ந்தால் முதலில் திணறுவது செல்போன்தான். போனில் ஒரு ஏட்டால் ஒரு நேரத்தில் ஒரே ஆளிடம்தான் பேச முடியும், வயர்லெஸ்ஸில் ஒருமுறை சொன்னால் அந்தச் சேனலில் இருக்கும் அத்தனை பேருக்கும், கன்ட்ரோல் ரூமுக்கும் சேர்த்துக் கேட்கும். நெரிசலிலும் தீ விபத்திலும் அந்தச் சில நொடிகள் உயிர்.

அடுத்த தவணை வேண்டுமென்றால் முந்தைய பணத்துக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தாக வேண்டும். அந்தச் சான்றிதழ் பணம் செலவானதைச் சொல்லும், மூன்றாம் வருஷம் செட் வேலை செய்கிறதா என்பதைச் சொல்லாது. என் கருத்து, டெண்டரிலேயே ஐந்து வருஷப் பராமரிப்பையும் மாற்றுப் பேட்டரிகளையும் சேர்த்து விலை கேட்க வேண்டும். மார்ச் மாதம் முடிவதற்குள் செலவழிக்கிற அவசரத்தில் முதலில் வெட்டுப்படுவது இந்தப் பராமரிப்புச் செலவுதான்.

அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ குடியிருப்போர் சங்கம் நடத்துகிறவர்கள் இதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவைக் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள். கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரே விஷயம், 150 சொற்களுக்குள். அலைவரிசை, ரிப்பீட்டர் இருக்கும் இடம் எல்லாம் கேட்காதீர்கள், பாதுகாப்பைக் காட்டி மறுத்துவிடுவார்கள், மறுப்பதும் நியாயம். கடந்த மூன்று ஆண்டில் வயர்லெஸ் சாதனம் வாங்க எவ்வளவு, பராமரிப்புக்கும் பேட்டரிக்கும் எவ்வளவு, ஏ.எம்.சி. என்கிற வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் எந்தத் தேதி வரை இருக்கிறது, இவ்வளவு போதும். பதிலை உங்கள் எம்.எல்.ஏ.விடம் கொண்டுபோய்க் கொடுங்கள், பட்ஜெட் கூட்டத்தொடருக்கு முன்னால் கொடுத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டியது மாநிலம்தான்.