பங்கீட்டு வலுப்பிணைப்பு: சொல் விளக்கம்

இலங்கைப் பாடநூல்களில் 'பங்கீட்டு வலுப்பிணைப்பு' என்றும் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'சகப்பிணைப்பு' என்றும் வழங்குபவை ஒன்றே: அணுக்கள் தம் இலத்திரன்களை, அதாவது மறையேற்றமுள்ள நுண்துணிக்கைகளை, பொதுவில் வைத்துக்கொள்வதால் உண்டாகும் இரசாயனப் பிணைப்பு. திருகோணமலையில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு இவை வெவ்வேறு பிணைப்புகளோ என்று மயங்குவதால், சொல்லின் பிறப்பைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வலிமையைக் குறிக்கும் 'வலென்சியா' என்ற இலத்தீன் சொல்லிலிருந்தே, ஓர் அணு பிற அணுக்களோடு சேரும் ஆற்றலுக்கான 'வலென்ஸ்' என்ற ஆங்கிலச் சொல் வந்தது. நாம் அதை 'வலுவளவு' என்கிறோம். இரண்டு அணுக்கள் ஒரு சோடி இலத்திரன்களைப் பொதுவில் வைத்துக்கொள்வதால் பிணைப்பு உண்டாகிறது என 1916இல் அமெரிக்க இரசாயனவியலாளர் கில்பேட் லூயிஸ் விளக்கினார். 1919இல் ஏர்விங் லாங்மியூர், 'சேர்ந்து' என்று பொருள்படும் 'கோ' என்னும் முன்னொட்டை 'வலென்ஸ்' என்பதோடு இணைத்து 'கோவலென்ஸ்' என்ற இன்றைய ஆங்கிலப் பெயரை ஆக்கினார்.

'சக' என்பது அந்த முன்னொட்டை அப்படியே பெயர்க்கிறது. ஆனால் அணுக்கள் சேர்ந்து என்ன செய்கின்றன என்பதை அது சொல்வதில்லை. 'பங்கீடு' அந்தச் செயலைச் சொல்கிறது, 'வலு' இலத்தீன் வேரின் பொருளைக் காக்கிறது. ஆகவே, நீளமானதாயினும் நம் சொல்லே மேலானது என்பது என் உறுதியான கருத்து. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: காணியைப் பங்கிட்டால் ஆளுக்கொரு துண்டு பிரிந்துபோகும், இலத்திரன் சோடியோ பிரிக்கப்படாத உறுதிக்காணிபோல இரு அணுக்களுக்கும் முழுமையாக உரியது. நீர் மூலக்கூற்றில், அதாவது குறித்த சில அணுக்கள் பிணைந்த தனித்தொகுதியில், வெளியோட்டில் (இலத்திரன்கள் இருக்கும் மிக வெளிப்புற அடுக்கில்) 6 இலத்திரன்களை உடைய ஒட்சிசன், இரண்டு ஐதரசன் அணுக்களுடன் தலா ஒரு சோடியைப் பங்கிடுவதால், தன்னைச் சூழ 8 இலத்திரன்களைப் பெறுகிறது. ஒவ்வொரு ஐதரசனும் 2 இலத்திரன்களைப் பெறுகிறது.

நிலாவெளிப் பக்கத்து உப்பளப் பாத்திகளில் கடல்நீர் வற்றிப் படியும் உப்புக்கு இச்சொல் பொருந்தாது. அங்கே சோடியம் தன் வெளியோட்டு இலத்திரனைக் குளோரினுக்குக் கொடுத்துவிட்ட நிலையில் இருப்பதால், நேரேற்றமும் மறையேற்றமும் கொண்ட அயன்கள் ஒன்றையொன்று கவர்கின்றன. அது 'அயன் பிணைப்பு', தமிழ்நாட்டில் 'அயனிப் பிணைப்பு'. பளிங்கில் ஒவ்வோர் அயனையும் எதிரேற்றமுள்ள 6 அயன்கள் சூழ்ந்திருக்க, இன்னது இன்னதற்கே சோடி என்று பிரித்துக் காட்ட இயலாது. ஆதலால் விடைத்தாளில் 'சோடியம் குளோரைட்டு மூலக்கூறு' என்று எழுதுவது பிழையாகும்.